யார் யாருக்காகக் காத்திருப்பது?

சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு ஒரு நீல போர்டு கிடைக்கும். நீளத்தில் தீப்பெட்டி அளவு, அகலத்தில் அதற்கும் குறைவு. இருபுறமும் இருபது இருபதாகப் பின்கள். மின்னணுவில் கைவைப்பவர்கள் இதை ப்ளூ பில் என்பார்கள். நடுவில் சாய்த்து ஒட்டியிருக்கும் சிப்பின் பெயர் எஸ்டிஎம்32எஃப்103. உள்ளே இருப்பது ஆர்ம் நிறுவனத்தின் கார்டெக்ஸ் எம்3 செயலி. 72 மெகாஹெர்ட்ஸ் வேகம், நிரலை வைக்க 64 கிலோபைட், வேலை பார்க்க 20 கிலோபைட். உறவுக்காரர்கள் விடியற்காலையில் அனுப்பும் பூங்கொத்துப் படம் ஒன்றுகூட அந்த 20 கிலோபைட்டில் அடங்காது. எஸ்டி நிறுவனத்தின் பெயரைப் பொறித்துக்கொண்டு எங்கோ செய்யப்பட்ட நகல் சிப்புகளும் இந்த போர்டுகளில் ஏராளம். அது தனிக் கதை.

இதற்குள் ஓர் இயங்குதளம் போகும் என்றால் கேட்பவர் முகத்தில் சந்தேகம் தெரியும். திரை இல்லை, கோப்பு இல்லை, மௌஸ் இல்லை. இயங்குதளத்துக்கு இங்கே என்ன வேலை?

நான் ஏற்றியது ஃப்ரீஆர்டிஓஎஸ். ரிச்சர்ட் பாரி என்பவர் 2003 வாக்கில் எழுதத் தொடங்கியது; 2017இலிருந்து அமேசானின் பராமரிப்பில் இருக்கிறது; இலவசம், மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. அதன் சாரமான கெர்னல் மூன்றே சி கோப்புகள்: டாஸ்க்ஸ், க்யூ, லிஸ்ட். அவற்றோடு செயலிக்குத் தக்க ஒரு போர்ட் கோப்பு, நினைவகத்தைப் பங்கிடும் ஐந்து ஹீப் கோப்புகளில் ஒன்று, நம் விருப்பங்களைச் சொல்லும் ஒரு கான்ஃபிக் கோப்பு. செயலி மாறினால் போர்ட் கோப்பு மாறும், மூன்றும் மாறாது. சென்னை ஐஐடியின் சக்தி செயலிகள் சேர்ந்த ரிஸ்க் வி குடும்பத்துக்கும் தனி போர்ட் உண்டு. முழுவதையும் ஒருவர் உட்கார்ந்து படித்து முடித்துவிடலாம் என்பது இதன் பெரிய கவர்ச்சி. நம் கையிலிருக்கும் போனில் ஓடும் இயங்குதளத்தை உலகத்தில் எந்தத் தனிமனிதரும் முழுதாகப் படித்திருக்க வாய்ப்பில்லை.

போர்டுக்கு நான் வைத்திருந்த வேலை எளியது. மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கிணற்றில் தண்ணீர் வற்றினால் பம்ப் வெறுமனே சுழலும், மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் குறையும், அப்போதே நிறுத்தாவிட்டால் சீல் தேய்ந்து போகும். ஆக மின்னோட்டத்தை அளக்க ஒரு டாஸ்க், ரிலேயை இயக்க ஒன்று, சின்ன ஓஎல்இடி திரையில் நிலவரம் காட்ட ஒன்று. ஆர்டினோ பழக்கத்தில் இதை ஒரே லூப்பில் எழுதிவிடலாம். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், வேலையும் செய்கிறது. இஎஸ்பி32 போர்டில் ஆர்டினோ நிரல் எழுதுபவர்களுக்கு ஒரு செய்தி: உங்கள் லூப் ஏற்கெனவே ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் ஒரு டாஸ்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. தெரியாமலே அந்த வீட்டில் குடியிருக்கிறீர்கள்.

ஆர்டிஓஎஸ், அதாவது நிகழ்நேர இயங்குதளம், என்றால் வேகம் என்று நினைப்பவர்கள் பொறியியல் படித்தவர்களிலும் உண்டு. வேகம் வேண்டுமென்றால் பத்தாண்டு பழைய லேப்டாப்பே இந்த போர்டைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். ஆனால் கார் மோதிய சில பத்து மில்லிவிநாடிக்குள் ஏர்பேக் விரிந்தாக வேண்டும். வழக்கமாகப் பத்தில் விரியும், எப்போதாவது அரை விநாடி ஆகும் என்று சொல்லும் செயலி எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் அந்தக் காருக்கு உதவாது. வேகம் என்பது சராசரியின் கணக்கு. இங்கே கேட்கப்படுவது மிக மோசமான நாளின் கணக்கு. லினக்ஸ் கெர்னலுக்கு இந்த ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுக்க ஒரு குழு சுமார் இருபது ஆண்டுகள் பாடுபட்டது. அவர்களுடைய வேலை மைய கெர்னலில் முழுதாகச் சேர்ந்தது 2024இல், 6.12 பதிப்பில்தான்.

இதற்கான கணிதம் 1973இலேயே வந்துவிட்டது. லியூ, லேலேண்ட் என்ற இருவர் எழுதிய ஒரு கட்டுரை. அடிக்கடி வரும் வேலைக்கு உயர்ந்த முன்னுரிமை, அபூர்வமாக வரும் வேலைக்குத் தாழ்ந்த முன்னுரிமை என்று ஒருமுறை கொடுத்துவிட்டு மாற்றாமல் விட்டால், எந்த வேலையும் கெடு தவறாது என்று உறுதி சொல்ல முடியுமா? மொத்தச் சுமை செயலியின் கொள்ளளவில் ஏறத்தாழ 69 விழுக்காட்டைத் தாண்டாதவரை முடியும், வேலைகள் எத்தனை இருந்தாலும் சரி என்று நிறுவினார்கள். அதற்கு மேல் போனால் தவறியே தீரும் என்று பொருளல்ல. வேலைகளின் கால இடைவெளிகள் ஒன்றுக்கொன்று மடங்குகளாக அமைந்தால் நூறு வரைகூடப் போகலாம். ஆனால் எதையும் விசாரிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு வாக்குக் கொடுக்க வேண்டுமென்றால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானதைச் சும்மா விட்டுவைக்க வேண்டும். ஊழியரின் எட்டு மணி நேரத்தில் எட்டே முக்கால் மணி நேர வேலையைத் திணிக்கும் மேலாளர்களுக்கு இந்தத் தேற்றத்தைக் கட்டாயப் பாடமாக்கலாம்.

இனி, ஏற்றுவது. கோப்புகளைச் சேர்த்துக் கம்பைல் செய்து, எஸ்டி லிங்க் என்ற சின்னக் குச்சி வழியாக போர்டுக்குள் தள்ளினால் பெரும்பாலும் முதலில் கிடைப்பது மௌனம். பிழைச்செய்தி வராது, ஏனென்றால் செய்தி காட்ட எதுவுமே இன்னும் உயிர்பெறவில்லை. எல்இடி மின்னாது. இந்த மௌனத்துக்கு வழக்கமான காரணம், ஓடும் வேலையை இடைமறிக்கும் மூன்று இன்டரப்ட்கள். சிஸ்டிக் என்பது கடிகாரம். எஸ்விசி முதல் டாஸ்கைக் கிளப்பிவிடுவது. பெண்ட்எஸ்வி ஒரு டாஸ்கை எடுத்து வைத்துவிட்டு இன்னொன்றை இறக்குவது. இந்த மூன்று வாசலிலும் கெர்னலின் ஆட்கள் நிற்க வேண்டும். கான்ஃபிக் கோப்பில் பெயர்களை இணைக்காமல் விட்டால் வாசலில் நிற்பது எஸ்டி நிறுவனம் கொடுத்த காலி ஆள். அவருக்குத் தெரிந்தது முடிவில்லாமல் ஒரே இடத்தில் சுற்றுவது மட்டும். இது போதாதென்று, எஸ்டி நிறுவனத்தின் ஹால் நூலகமும் அதே சிஸ்டிக்கைத் தன் கடிகாரமாக வைத்துக்கொள்ளப் பார்க்கும். அதைச் சமாதானப்படுத்தி வேறொரு டைமருக்கு அனுப்பிவிட வேண்டும். முன்னுரிமை எண்களில் இன்னொரு கூத்து. செயலிக்கு எண் சிறியதானால் முன்னுரிமை பெரியது. கெர்னலுக்கு எண் பெரியதானால் முன்னுரிமை பெரியது. ஒரே கான்ஃபிக் கோப்பில் இரண்டு வழக்கமும் அடுத்தடுத்து வரும். இதற்கு நியாயம் கற்பிக்க நான் முயலப் போவதில்லை.

டாஸ்க் பிறக்கும் விதம் இவை எல்லாவற்றையும் மறக்கச் செய்துவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும் டாஸ்கின் நடுவில் இன்டரப்ட் வந்தால், கார்டெக்ஸ் எம்3 தானாகவே எட்டு ரெஜிஸ்டர்களின் மதிப்பை, ஸ்டாக் எனப்படும் அந்த டாஸ்கின் சொந்த நினைவகத்தில் இறக்கி வைக்கிறது. டாஸ்க் மாற வேண்டுமானால் இன்னும் எட்டைக் கெர்னல் இறக்கி வைக்கிறது. ஆக மொத்தம் 16 எண்கள், 64 பைட். ஸ்டாக்கின் நுனி எங்கே இருக்கிறது என்ற முகவரியை மட்டும் டாஸ்கின் கணக்கில் குறித்துக்கொண்டு, அடுத்த டாஸ்கின் ஸ்டாக்கிலிருந்து அதனுடைய 64 பைட்டை எடுத்துச் செயலியில் ஏற்றுகிறது. அது எந்த வரியில் எந்தக் கூட்டலின் நடுவில் நின்றதோ அங்கிருந்து தொடர்கிறது. தான் நிறுத்தப்பட்டதே அதற்குத் தெரியாது.

சரி, இதுவரை ஒருமுறைகூட ஓடாத புது டாஸ்க்? அதற்குத் தொடர்வதற்கு எதுவுமில்லையே. கெர்னல் அதன் ஸ்டாக்கில் ஒரு பொய்யான கடந்தகாலத்தை எழுதி வைக்கிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்து, தன் முதல் வரியின் வாசலில் இன்டரப்ட் வந்து நின்றுவிட்டதைப் போல 16 எண்களையும் கையால் அடுக்கி வைக்கிறது. வேலை முடிந்தால் எங்கே திரும்புவது என்ற இடத்தில் ஒரு பொறியின் முகவரியை வைக்கிறது, ஏனென்றால் இங்கே எந்த டாஸ்கும் தன்பாட்டில் முடிந்து திரும்பக் கூடாது. இப்படி ஜோடித்துவிட்டால், அடுத்து யார் ஓடுவது என்று தீர்மானிக்கும் ஷெட்யூலருக்குத் தொடங்குவது என்ற தனி வித்தை தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரத் தெரிந்தால் போதும். முதல் டாஸ்கும் அப்படித்தான் கிளம்புகிறது, போகாத ஓர் இன்டரப்டிலிருந்து திரும்பி வருவதாக. இந்த இடத்தில் ஊழ், முற்பிறவி என்று நாலு வரி எழுதக் கை துறுதுறுக்கிறது. வேண்டாம். இது 64 பைட் சமாசாரம்.

மெயின் ஃபங்ஷனின் கடைசி வரி ஷெட்யூலரைக் கிளப்புவது. அந்த வரி திரும்பி வருவதே இல்லை. திரும்பி வந்தால் கெர்னல் தனக்கென உருவாக்கிக்கொள்ளும் டாஸ்குக்குக்கூட நினைவகம் போதவில்லை என்று அர்த்தம். ஐடில் என்று பெயர் கொண்ட அந்த டாஸ்க், யாருக்கும் வேலை இல்லாதபோது ஓடுவதற்காகவே இருப்பது. எல்லோரும் காத்திருக்கும் நிலையைக் கெர்னலால் நேரடியாகத் தாங்க முடியாது. ஓடுவதற்கு எப்போதும் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை ஏற்பாடு. முன்னுரிமை பூஜ்யம். அழிக்கப்பட்ட டாஸ்க்கள் விட்டுப்போன இடத்தைச் சுத்தம் செய்வதும் இதன் பொறுப்புதான். வேண்டுமானால் செயலியை உறக்கத்தில் ஆழ்த்தும் கட்டளையை இதற்குள் வைக்கலாம். அடுத்த இன்டரப்ட் வரும்வரை மின்சாரம் மிச்சம். என் மோட்டார் காவலில் செயலியின் நேரத்தில் மிகப் பெரும் பகுதி ஐடில் டாஸ்கிடம்தான் கழிகிறது. மற்ற மூன்றும் காத்திருக்கின்றன. ஒன்று 100 மில்லிவிநாடி கழிவதற்காக, ஒன்று செய்தி வருவதற்காக, ஒன்று அளக்கும் சிப்போடு திரை பகிர்ந்துகொள்ளும் பஸ் என்ற கம்பித்தடம் காலியாவதற்காக. இயங்குதளத்துக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டேன் அல்லவா? காத்திருப்புகளை முறைப்படுத்துவது. ஓட வைப்பதற்கு இயங்குதளமே வேண்டாம், செயலி தானாகவே ஓடும்.

காத்திருக்கத் தெரியாதவர்கள் எழுதும் நிரலைப் பார்த்தவுடன் கண்டுபிடிக்கலாம். அரை விநாடி நிற்க வேண்டுமென்றால் பூஜ்யத்திலிருந்து சில லட்சம் வரை எண்ணச் சொல்லியிருப்பார்கள். செயலி மூச்சுவாங்க எண்ணிக்கொண்டிருக்கும், பக்கத்தில் யார் எதற்காகத் தவிக்கிறார்கள் என்று பாராமல். கெர்னலிடம் சொல்லிவிட்டுக் காத்திருப்பதில் டாஸ்க் தன் இடத்தை விட்டுக்கொடுத்து ஒதுங்கிவிடுகிறது. அதிலும் இரண்டு தினுசு. இந்த வேலை முடிந்தபின் 100 மில்லிவிநாடி என்பது ஒன்று. சென்ற தடவை எழுந்த நேரத்திலிருந்து 100 மில்லிவிநாடி என்பது மற்றது. முதல் வகையில், வேலை பிடித்த நேரம் ஒவ்வொரு சுற்றிலும் கூடிக்கூடி அளவீடு நகர்ந்துகொண்டே போகும். கருவிகளில் முதல் வகையை எழுதிவிட்டு சென்சார் சரியில்லை என்று சொல்பவர்கள் அனேகம்.

கடிகாரம் பற்றியும் சொல்ல வேண்டும். சிஸ்டிக் 71,999இலிருந்து பூஜ்யம் வரை இறங்கி எண்ணும். 72 மெகாஹெர்ட்ஸில் அதற்குச் சரியாக ஒரு மில்லிவிநாடி. ஒவ்வொரு முறையும் கெர்னல் தன் டிக் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டும். 32 பிட்டில் வைத்திருக்கும் அந்த எண் 49.7 நாளில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பும். மாடியில் மாட்டிய போர்டு 50 நாளுக்கு மேல் உயிரோடு இருக்கும் அல்லவா? ஃப்ரீஆர்டிஓஎஸ் இதற்குத் தயாராகவே இருக்கிறது. காத்திருப்பவர்களுக்கு இரண்டு பட்டியல் வைத்திருக்கிறது, இந்தச் சுற்றில் எழ வேண்டியவர்களுக்கு ஒன்று, எண் திரும்பிய பிறகு எழ வேண்டியவர்களுக்கு ஒன்று. பூஜ்யம் வந்ததும் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளும். இந்த முன்யோசனை எல்லா இடத்திலும் இருந்ததில்லை. போயிங் 787 விமானத்தில் மின்னாக்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் 248 நாள் தொடர்ந்து இயங்கினால் அவற்றின் எண்ணிக்கை நிரம்பிவிடும் என்று தெரியவந்து, அதற்குள் அணைத்து இயக்க வேண்டும் என்று அமெரிக்க விமானத்துறை 2015இல் உத்தரவிட்டது.

அதைவிடக் கொடியது 1991 பிப்ரவரி 25, சவூதியின் தஹ்ரான். பேட்ரியாட் ஏவுகணைத் தளத்தின் கணினி நேரத்தைப் பத்தில் ஒரு விநாடிகளாக எண்ணியது. பத்தில் ஒன்றை இரும எண்ணில் மிச்சமில்லாமல் எழுத முடியாது. 24 பிட்டில் வெட்டியபோது ஒரு துளி குறைந்தது. 100 மணி நேரம் அணைக்காமல் ஓடியதில் அந்தத் துளிகள் சேர்ந்து விநாடியில் மூன்றில் ஒரு பங்கு ஆகிவிட்டன. அவ்வளவு நேரத்தில் ஸ்கட் ஏவுகணை அரை கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். கணினி தவறான இடத்தில் தேடியது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். திருத்திய மென்பொருள் அந்தத் தளத்துக்கு வந்து சேர்ந்தது மறுநாள்.

ஆனாலும் இந்தத் துறையின் ஆகப்பெரிய கதை யாரும் சாகாத கதை. 1997 ஜூலை 4 அன்று நாசாவின் மார்ஸ் பாத்ஃபைண்டர் காற்றுப் பைகளில் துள்ளி உருண்டு செவ்வாயில் நின்றது. சோஜர்னர் என்ற குட்டி வண்டி இறங்கி ஓடியது. படங்கள் வந்தன, உலகம் கொண்டாடியது. சில நாளில் கலத்தின் கணினி தானாகவே அணைந்து மறுபடி தொடங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் அன்றைய மிச்ச வேலை மறுநாளுக்குத் தள்ளிப் போயிற்று. கணினி ஒரே சமயத்தில் அளவுக்கு மீறி வேலை செய்யப் பார்க்கிறது என்று செய்தித்தாள்கள் எழுதின. சுமார் 19 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதை யார் போய்த் திறந்து பார்ப்பது?

கலத்தில் ஓடியது விண்ட் ரிவர் நிறுவனத்தின் விஎக்ஸ்வொர்க்ஸ் என்னும் ஆர்டிஓஎஸ். கருவிகளுக்கிடையே தகவலைப் பகிர ஒரு பொது இடம் இருந்தது. ஒரு நேரத்தில் ஒருவரே புழங்கும்படி அதற்கு ஒரு மியூட்டெக்ஸ். அங்கே தகவலை வினியோகிக்கும் டாஸ்குக்கு மிக உயர்ந்த முன்னுரிமை. வானிலை அளவுகளைச் சேகரிக்கும் டாஸ்குக்குத் தாழ்ந்த முன்னுரிமை. இடையில் பூமியோடு தொடர்புகொள்ளும் டாஸ்க் போன்றவை.

பழைய திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனங்களை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரு குளியலறை, ஒரு சாவி. கடைசிக் குடித்தனத்துப் பையன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். நடுக்கூடத்து மாமி, “டேய், ஓடிப்போய் ஒரு பாக்கெட் பால் வாங்கிண்டு வாடா” என்கிறாள். மறுக்க முடியாது, போகிறான், சாவி சட்டைப் பையில். ஆபீசுக்கு நேரமாகிவிட்ட முன்கட்டுப் பெரியவர் துண்டோடு வாசலில் நிற்கிறார். அந்த வீட்டிலேயே யாரும் அவரை எதிர்த்துப் பேச மாட்டார்கள், ஆனால் இப்போது அவரை நிறுத்தி வைத்திருப்பது பையன் அல்ல, மாமி. அவளுக்கோ சாவி வேண்டியதே இல்லை. பெரியவர் நிற்பதும் அவளுக்குத் தெரியாது.

செவ்வாயில் அதுதான் நடந்தது. வானிலை டாஸ்க் மியூட்டெக்ஸை எடுத்தது. தொடர்பு டாஸ்க் விழித்து அதை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தன் நீண்ட வேலையில் இறங்கியது. வினியோக டாஸ்க் வாசலில் நின்றது. குறித்த நேரத்துக்குள் வினியோகம் முடியவில்லை என்று கண்ட கண்காணிப்பு ஏற்பாடு, ஏதோ பெரிதாகக் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி எல்லாவற்றையும் அணைத்துத் தொடங்கியது. எந்த டாஸ்கும் தவறு செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொன்றும் தனக்குச் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தது.

நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்துக்காரர்கள் பூமியிலிருந்த மறுபிரதியில் இதே நிலைமையை வரவழைத்துப் பிடித்தார்கள். மருந்து ஏற்கெனவே விஎக்ஸ்வொர்க்ஸுக்குள் இருந்தது. அந்த மியூட்டெக்ஸில் மட்டும் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. முன்னுரிமை மரபுரிமை என்பது அதன் பெயர். சாவியைக் கையில் வைத்திருக்கும்வரை, வாசலில் நிற்கும் பெரியவரின் மதிப்பு பையனுக்கு வந்துவிடும். மாமி ஏவ முடியாது. சாவியைத் திருப்பிக் கொடுத்த கணம் அவன் பழையபடி பையன். ஒரு மாறியின் மதிப்பை மாற்றும் சின்னத் திருத்தத்தைச் செவ்வாய்க்கு அனுப்பினார்கள். பிறகு அந்தத் தொல்லை வரவில்லை. ஏவுவதற்கு முந்தைய சோதனைகளிலேயே இந்த மறுதொடக்கம் எப்போதாவது தலைகாட்டியிருந்தது என்பதும், அப்போது காரணம் பிடிபடவில்லை என்பதும் பின்னால் வெளிவந்தன.

இந்த மருந்தை முறையாக வகுத்த கட்டுரை 1990இல் வந்தது. எழுதியவர்கள் லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி. ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றுவிட்டு கார்னகி மெலனுக்குப் போனவர். 1997 டிசம்பரில் நிகழ்நேர அமைப்புகள் பற்றிய ஒரு மாநாட்டில் விண்ட் ரிவரின் டேவிட் வில்னர் பாத்ஃபைண்டர் கதையைச் சொன்னபோது மூவரும் அந்த அரங்கிலேயே இருந்தார்கள். எழுந்து நிற்கச் சொன்னார்கள், அரங்கம் ஆரவாரித்தது. கணினிக் கோட்பாட்டாளர்களுக்குக் கைதட்டல் கிடைத்த அபூர்வ நிகழ்ச்சி.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது செவ்வாய் அல்ல. முன்னுரிமை என்பது ஆளோடு ஒட்டிப் பிறந்ததாக இராமல், அவனை நம்பி யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஏறி இறங்குவதாக அந்த மூவரும் வகுத்துக் காட்டியது பிடித்திருக்கிறது. நம் அலுவலகங்களில் மேலதிகாரி ஒரு கோப்புக்காகக் காத்திருந்தால் கோப்பை வைத்திருக்கும் எழுத்தருக்கு வந்து சேர்வது அதிகாரமல்ல, வசவு. அவர் மேசையில் மற்றவர்கள் கொண்டுவந்து போடும் வேலையும் குறையாது. வசவால் கோப்பு சீக்கிரம் நகர்ந்ததாக எந்தத் தேற்றமும் இல்லை.

என் மோட்டார் போர்டிலும் இதே முக்கோணம் இருக்கிறது. மின்னோட்டத்தை அளக்கும் சிப்பும் ஓஎல்இடி திரையும் ஒரே ஐ-ஸ்கொயர்-சி பஸ்ஸில் தொங்குகின்றன. திரையை முழுதாக வரைய 1,024 பைட் அனுப்ப வேண்டும். விநாடிக்கு ஒரு லட்சம் பிட் வேகத்தில் அதற்குச் சுமார் 92 மில்லிவிநாடி. அவ்வளவு நேரமும் பஸ்ஸின் மியூட்டெக்ஸ் திரை டாஸ்கிடம். நூறு மில்லிவிநாடிக்கு ஒருமுறை அளந்தாக வேண்டிய முக்கிய டாஸ்க், அலங்காரத் திரைக்காக வாசலில் நிற்கிறது. மரபுரிமை இருப்பதால் நடுவில் வேறு யாரும் புகுந்து இதை நீட்ட முடியாது. ஆனால் அந்த 92ஐ மரபுரிமை குறைத்துவிடாது. திரையைப் பட்டை பட்டையாக வெட்டி, ஒவ்வொரு பட்டைக்கும் ஒருமுறை சாவியை எடுத்துத் திருப்பிக் கொடுத்தால் காத்திருப்பு எட்டில் ஒரு பங்காகிறது. முக்கியமானவரை விரைவுபடுத்த ஒரே வழி, முக்கியமில்லாதவர் சாவியை வைத்திருக்கும் நேரத்தைச் சுருக்குவது.

இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது. எல்லாம் ஒழுங்காக இருந்தும் வேலை கொள்ளளவை மீறிவிட்டால்? 1969 ஜூலை 20 அன்று அப்போலோ 11 நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது 1202 என்ற அபாய எண் திரையில் வந்தது. அந்தக் கணினியின் மாறும் நினைவகம் 2,048 சொற்கள், இந்த நீல போர்டில் ஐந்தில் ஒரு பங்கு. ஹால் லேனிங் வகுத்த அதன் எக்ஸிக்யூட்டிவ்தான் இன்றைய ஆர்டிஓஎஸ்களின் மூதாதை. வேலைகளை முன்னுரிமைப்படி ஓட்டியது. சந்திப்பு ரேடாரின் மின்தொடர்பில் இருந்த ஒரு பொருத்தமின்மையால் செயலியின் நேரம் வீணாகக் களவு போய்க்கொண்டிருந்தது. புது வேலையை வைக்க இடமில்லை என்பதுதான் 1202. கணினி எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டு மறுபடி தொடங்கி, இறங்குவதற்கு இன்றியமையாதவற்றை மட்டும் திரும்பக் கையிலெடுத்தது. இறங்கும் சில நிமிடங்களில் இப்படிப் பல தடவை. எதை விட்டுவிடலாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள், அதனால் நிலவில் இறங்கினார்கள்.

இந்த வேலையில் முதல்முறை இறங்குபவர்களுக்குச் சில வார்த்தைகள். செஃபிர் நல்ல ஆர்டிஓஎஸ்தான். ஆனால் அதைத் தரவிறக்கி, டிவைஸ் ட்ரீ புரிந்து, கட்டமைத்து எழுவதற்குள் ஆர்வம் வடிந்துவிடும், அதனால் ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸிலிருந்து தொடங்குங்கள். ஸ்டாக் அளவாக 128 என்று கொடுத்தால் இந்த போர்டில் அது 512 பைட், இஎஸ்பி32இல் அதே எண் 128 பைட்தான். ஸ்டாக் வழிந்தால் சொல்லும் சோதனையைக் கான்ஃபிக்கில் முதல் நாளே இயக்கிவிடுங்கள். பொதுவான எதையும் காக்க பைனரி செமஃபோர் போடாதீர்கள். பார்க்க மியூட்டெக்ஸ் மாதிரியே இருக்கும், ஆனால் ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் முன்னுரிமை மரபுரிமை மியூட்டெக்ஸுக்கு மட்டுமே உண்டு. டாஸ்க் எதையும் உருவாக்கும் முன் ஒரு தாளில் யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள், அதிகபட்சம் எவ்வளவு நேரம், அது கடந்தால் என்ன செய்வார்கள் என்று எழுதுங்கள். மூன்றாவது கட்டத்தை நிரப்ப முடியாத டாஸ்கை எழுதத் தொடங்காதீர்கள். இணையத்தில் கிடைக்கும் மாதிரி நிரல்களில் பெரும்பாலானவை எல்லையில்லாமல் காத்திரு என்ற மாறிலியைக் கூசாமல் எழுதி வைத்திருக்கும். அப்படியே எடுத்து ஒட்டினால், பஸ்ஸில் ஒரு கம்பி விட்டுப்போன அன்று மோட்டாரை நிறுத்த வேண்டிய டாஸ்க் சத்தமில்லாமல் நின்றுகொண்டே இருக்கும், பம்ப் வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும்.